முற்றத்துக்கு எந்தக் கல்? பெங்களூர், தாண்டூர், காபிள்: ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலை விட்டுப் பார்வதிபுரம் தாண்டினால் மார்த்தாண்டம், களியக்காவிளை வரை சாலையோரம் வரிசையாகக் கல்கடைகள். புது வீடு கட்டுகிறவர்கள் யாரும் இப்போது முற்றத்தை மண்ணாக விடுவதில்லை. சதுரக் கல், இடையில் இரண்டு அங்குலப் புல் வரி என்ற வழக்கம் கேரளக் கரையிலிருந்து வந்து இங்கேயும் ஊன்றிவிட்டது. கடையில் அண்ணாச்சி மூன்று கேள்விகளுக்குக் கணீரென்று பதில் சொல்வார்: என்ன விலை, வழுக்குமா, நிறம் மங்குமா. இதை யார் உடைத்தது, யார் கொத்தியது என்று நாலாவதாகக் கேட்டால், “எல்லாம் கம்பெனி சரக்குதான்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர் மறைக்கிறார் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. ஆனால் கல்லைத் திருப்பிப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

எங்கள் தீர்ப்பு இது. எந்திரத்தில் அறுத்து, மேல்முகத்தைத் தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய 5 சென்டிமீட்டர் கிரானைட்டுக்கு, அதாவது கடையில் சொல்லும் பெங்களூர் கல்லுக்கு, 5க்கு 4. தாண்டூர், கோட்டா, கடப்பா என்ற சுண்ணாம்புக் கற்கள் மூன்றுக்கும் 5க்கு 2½. கடலோர வீடு என்றால் இன்னும் குறைவு. கையால் கொத்திய மணற்கல் காபிளுக்கு மதிப்பெண்ணே போடவில்லை. வாங்காதீர்கள்.

காரணத்தைக் காபிளிலிருந்தே தொடங்கலாம். காபிள் என்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத கட்டிக் கல். 10 சென்டிமீட்டர் கனசதுரம் பொதுவான அளவு. இடைவெளி விட்டு அடுக்கினால் சதுர அடிக்கு 8 கல் பிடிக்கும். 1000 சதுர அடி முற்றம் என்றால் ஏறக்குறைய 8000 கல், எடை 19 டன்னைத் தொடும். இந்த எட்டாயிரத்தில் ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து சுத்தியும் உளியும் வைத்து ஆறு பக்கமும் கொத்தியிருக்க வேண்டும். இத்தனை கைவேலை இருந்தும், வடக்கிலிருந்து இவ்வளவு தூரம் லாரி வாடகை கொடுத்து வந்தும், அறுத்த கிரானைட்டோடு போட்டி போடும் விலைக்கு அது கிடைக்கிறது என்றால், குறைந்திருப்பது ஒரே இடத்தில்தான்: கொத்தியவர் கூலியில்.

மணற்கல் காபிளுக்குப் பேர்போன இடம் ராஜஸ்தானில் பூந்தி மாவட்டத்துப் புத்புரா. அங்கே குவாரியில் மணற்கல்லைப் படலம் படலமாகப் பெயர்த்து எடுப்பார்கள். நல்ல பலகைகள் லாரி ஏறிவிடும். உடைந்தவை, கோணல் ஆனவை எல்லாம் மலைபோலக் குவியும். அந்தக் கழிவுக் குவியலின் மேலும் ஓரத்திலும், சில சமயம் வீட்டு வாசலிலும், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கொத்துவதுதான் காபிள். கூலி நாளுக்கு அல்ல, கல்லுக்கு. துண்டுக்கணக்கில் கூலி என்று வந்துவிட்டால் முதலாளிக்கு ஆள் எத்தனை, வயது எத்தனை என்ற கவலையே இல்லை. கணக்கு அப்பன் பெயரில் ஓடும்; அம்மா கொத்தியதும் பிள்ளை கொத்தியதும் அந்த ஒரே பெயரில் சேரும். ஆள் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு அதில் ஒரு குழந்தையும் தென்படாது.

பெரிய பலகையைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும். இரண்டரைக் கிலோக் கல்லைப் பத்து வயதுப் பிள்ளை உருட்டிவிடும். கல் சிறுத்ததும் வயது வரம்பும் சேர்ந்து சிறுத்துப்போனது இப்படித்தான்.

பிள்ளை அந்தக் குவியலுக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் இரண்டு. ஒன்று முன்பணம். மழைக்காலத்தில் குவாரியில் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. அப்போது வாங்கிய கடன், பிறகு நோய்க்கு வாங்கிய கடன் என்று ஏறும். துண்டுக்கூலியில் அது கழியாது. கடன் இருக்கும்வரை வேறு குவாரிக்குப் போக முடியாது. இன்னொன்று சிலிகோசிஸ். மணற்கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ். உலர்வாகத் துளை போட்டாலும் கொத்தினாலும் எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் சுலபமாகக் கூட வந்து ஒட்டிக்கொள்ளும். சம்பாதித்தவர் மூச்சுவிட முடியாமல் கட்டிலில் விழுந்ததும் மூத்த பையன் சுத்தியைக் கையில் எடுக்கிறான். இந்நோய்க்கென்றே ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை வகுத்து இழப்பீடும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அது சரியல்ல. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 40ஆம் பிரிவு 18 வயது நிரம்பாதவரைச் சுரங்க வேலைக்கு விடவில்லை. திறந்தவெளிக் கல்குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் வரம்பு அதே 18. குவாரிக்கு வெளியே, வீட்டு வாசலில் கொத்தினால்? 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் கைகொடுக்கலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். பலரும் அதைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள். ஆனால் 2017இல் வந்த அபாயத் தொழில் அட்டவணையில் கல்குவாரி, செங்கல் சூளை மட்டுமல்ல, கல்லை வெட்டுவது, பிளப்பது, மெருகேற்றுவது, பொறுக்குவது, காபிளாகக் கொத்துவது வரை சேர்ந்திருக்கிறது. மினுக்கும் கனிமமான மைக்காவும் அதில் உண்டு. அட்டவணையில் உள்ள வேலைக்குக் குடும்ப விலக்கு செல்லாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கும் தடை. மீறினால் முதல் முறையே 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஐரோப்பாவுக்குப் போகும் கல்லுக்கு ஓரளவு கேள்வி உண்டு. ஜெர்மனியின் சில மாநிலங்களில், குழந்தைகள் உழைப்பில் உருவான கல்லறைக் கல்லைக் கல்லறையில் வைக்கவே விதி இடம் தராது. அதற்கென்று இந்தியக் குவாரிகளை வந்து பார்த்துச் சான்று தரும் அமைப்புகள் உண்டு. குழந்தை உழைப்பில் உருவாகும் பொருள்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை வைத்திருக்கும் பட்டியலில் இந்திய மணற்கல்லும் மைக்காவும் பல வருடங்களாக இருக்கின்றன. உள்நாட்டில் விற்கும் கல்லுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. எனவே தக்கலையிலோ குழித்துறையிலோ ஒரு கடைப் பலகையில் “ஏற்றுமதித் தரம்” என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: அளவு கொஞ்சம் சீராக இருக்கும்.

தரத்தைத் தனியாகப் பார்த்தாலும் மணற்கல் நம் மாவட்டத்துக்கு ஒத்துவராது. அது நுண்துளை நிறைந்த கல். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் காற்றில் வரும் உப்பு துளைக்குள் இறங்கி, வெயிலில் படிகமாகி, மேல் பரப்பைப் பொடிப்பொடியாகத் தள்ளும். போதாக்குறைக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று வருடத்தில் பாதி நாள் முற்றம் ஈரம். துளைகளில் பாசி பிடித்தால் தேய்த்தாலும் போகாது.

உப்புக் காற்றுக்குக் கிரானைட்டே முழுக்கத் தப்புவதில்லை. கடலுக்குள் நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்குக் காகிதக் கூழ் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்துத்தான் பராமரிக்கிறார்கள். வீட்டு முற்றத்துக்கு அந்த அளவு தேவையில்லை. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை விடாமல் மழைநீரையே நம்புங்கள்.

பெங்களூர் கல்லுக்கு வருவோம். பெயர்தான் பெங்களூர்; ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார், ஆந்திர எல்லை என்று பல இடத்துச் சாம்பல் கிரானைட்டும் இதே பெயரில் வந்து இறங்குகிறது. இதில் இரண்டு ரகம். ஒன்று, கட்டையாக எடுத்து வந்து தொழிற்சாலையில் வாள் வைத்து அறுத்தது. மற்றது, குவாரியிலேயே உளி வைத்துப் பிளந்து ஓரம் கொத்தியது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். “கைவேலை, இயற்கையா இருக்கும்” என்று இரண்டாவதற்கு ஒரு படி கூடுதல் புகழ்ச்சியும் கிடைக்கும். பிரித்தறிவது எளிது. கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் வாள் ஓடிய மெல்லிய வளைவுக் கோடுகள் இருந்தால் அறுத்தது. நான்கு மூலையிலும் கனத்தை அளந்தால் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வராது. ஓரத்தில் அரைவட்டக் குழிகள் வரிசையாக இருந்தால் அது பிளப்பதற்காகப் போட்ட துளையின் மிச்சம். கனம் மூலைக்கு மூலை மாறும்.

அறுத்த கல் எல்லாம் தூய்மை என்று சான்று தர முடியாது. பெரிய கிரானைட் குவாரியில் கம்பி வாளும் கிரேனும் இயங்கும் இடத்தில் பிள்ளைக்கு வேலை கிடையாது என்பது மட்டும் உண்மை. அங்கே சுரண்டல் வேறு உருவில் உண்டு: வெளிமாநிலத்து ஆள், முன்பணம், பேசிய கூலியில் பிடித்தம், காயம்பட்டால் கைவிரிப்பு. பிள்ளைகள் தென்படுவது அதே குவாரியின் பின்பக்கம், கழிவுக் கல்லை ஓரக்கல்லாகவும் காபிளாகவும் கொத்தும் கொட்டகையில். எனவே பலகையை வாங்கி, ஓரத்துக்குக் கொத்துக்கல்லை வாங்கினால் கதை கெட்டது. ஓரத்துக்கும் அறுத்த கல்லே கேளுங்கள், அல்லது 4 அங்குலக் கான்கிரீட் விளிம்பு கட்டிவிடுங்கள். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

தாண்டூர், கோட்டா, கடப்பா மூன்றும் சுண்ணாம்புக் கல். தாண்டூர் தெலங்கானாவில், கோட்டா ராஜஸ்தானில், கடப்பா ஆந்திரத்தில். படலமாகவே பெயர்ந்து வருவதால் மலிவு. கனம் 20 முதல் 30 மில்லிமீட்டர். உள்ளறைக்கு நல்ல கல். முற்றத்தில் கார் ஏறினால் நடுவே விரியும். புளித்த மோர் சிந்தினாலும் கழிப்பறை ஆசிட் தெறித்தாலும் கறைபடும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், கிரானைட் நுரைக்காது. நடைபாதைக்கு மட்டும் என்றால் தாண்டூர் போதும்.

சுவரில் ஒட்டும் சிலேட் கீற்றுகளையும் எச்சரிக்கையோடு பாருங்கள். ஆந்திரத்து மார்க்காப்பூர்ச் சிலேட்டும், பள்ளிக்கூடத்துச் சிலேட்டுக் குச்சி செய்த மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரும் இத்தொழிலின் பழைய காயங்கள். நெல்லிக்காய் அளவு வெள்ளைக் கூழாங்கல் அப்படியில்லை. டிரம்மில் போட்டு உருட்டியது.

வரவேற்பறைச் சுவருக்கு மினுமினுக்கும் பெயிண்ட், டைல்ஸ் இடுக்கில் பளபளக்கும் பசை இரண்டிலும் மினுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் மைக்காத் தூள். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி, பீகாரின் நவாதா மாவட்டங்களில், கைவிடப்பட்ட சுரங்கங்களின் ஓரத்திலும் குழிகளிலும் ‘டிப்ரா’ எனும் மைக்காச் சில்லுகளைக் குடும்பங்கள் பொறுக்குகின்றன. பொறுக்குவதில் கணிசமானோர் பிள்ளைகள், மண் சரிந்து இறந்தவர்களும் உண்டு. சில்லு எடை போட்டு வாங்கும் சின்ன வியாபாரியின் கையில் நல்ல சுரங்கத்துச் சரக்கும் குழிச் சரக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். அதன் பிறகு பிரிக்க வழியே இல்லை. பசை மினுக்காமல் சாதாரணமாக இருந்தால் வீட்டின் அழகு ஒன்றும் குறைந்துபோகாது.

இனிக் காகிதம். லாரி வந்ததும் பில்லோடு இ-வே பில்லையும் வாங்கிப் பாருங்கள். வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் வரும் சரக்குக்கு அது கட்டாயம்; எங்கிருந்து புறப்பட்டது என்ற ஊரும் பின்கோடும் அதில் இருக்கும். பில்லில் 6801 என்ற வகை எண் இருந்தால் அது காபிள், ஓரக்கல், நடைபாதைக் கல் இனம். 6802 என்றால் அறுத்துப் பதப்படுத்திய கல். 2516 என்றால் கரடாகவோ வெறுமனே கட்டையாக அறுத்தோ வந்த கிரானைட், மணற்கல். “கர்நாடகா கிரானைட்” என்று சொன்ன சரக்குக்கு ராஜஸ்தான் பின்கோடு வந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம். நம் மாநிலத்துக் குவாரிக் கல் என்றால் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்க வேண்டும். ஆனால் இந்தக் காகிதம் எல்லாம் கடைசியாக ஏற்றிய யார்டு (கல் கிடங்கு) வரைதான் பேசும். கழிவுக் குவியலுக்கும் யார்டுக்கும் இடையில் ஒரு சீட்டும் கிடையாது. கல்லைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

உள்ளூர்க் கல் கிடைத்தால் இன்னும் நல்லது. நம் மலைப் பாறை சார்னகைட்; கிரானைட்டுக்குச் சளைத்ததல்ல. கிரஷர் வந்த பிறகு பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஜல்லி உடைப்பது ஏறக்குறைய மறைந்துவிட்டது. குவாரிகளால் மலைக்கும் சாலைக்கும் வரும் கேடு தனி வழக்கு. அதற்கு இங்கே இடம் போதாது. பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும் இடங்களில் கிடைக்கும் கருங்கல் படிகளும் பாளங்களும் எங்கள் முதல் தேர்வு. ஏற்கெனவே வெட்டிய கல். புதிதாக ஒரு கையும் அதில் படவில்லை. மயிலாடிப் பக்கம் சிற்பிகளிடம் கொடுத்தால் அளவாக அறுத்தும் தருவார்கள்.

கணக்கு. 2க்கு 2 அடிக் கல்லை 2 அங்குல இடைவெளியில் போட்டால் 1000 சதுர அடிக்கு 213 கல். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 224 வாங்கலாம். 5 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கல் 50 கிலோ. நடக்க மட்டும் என்றால் 4 சென்டிமீட்டர் போதும், 40 கிலோ. வாங்கும்போது டேப் வைத்து அளங்கள். 2 அடி என்று சொல்லி 23 அங்குலம் இருந்தால் ஒவ்வொரு கல்லிலும் 8 சதவீதம் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் மந்தமாகக் கேட்கும். தண்ணீர் ஊற்றி வெயிலில் விட்டால், மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதை ஒதுக்குங்கள்.

போடும் முறையில்தான் பாதிக் கல் வீணாகிறது. மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் எடுத்துவிட்டு, 40 மில்லிமீட்டர் ஜல்லியும் பாறைப்பொடியும் கலந்து 10 சென்டிமீட்டர் பரப்பி அதிர்வு எந்திரத்தால் இறுக்க வேண்டும். அதன் மேல் 5 சென்டிமீட்டருக்குக் கால் அங்குல ஜல்லி, பிறகு கல். பல கொத்தனார்கள் கால் அங்குல ஜல்லிக்குப் பதில் பாறைப்பொடியையே மெத்தையாகப் போடுவார்கள். முதல் மழைக்குள் பொடி சேறாகிக் கல் ஆடத் தொடங்கும். ஆடும் கல்லின் மூலையில் கார் ஏறினால் உடையும். சாய்மானம் 10 அடிக்கு 2 அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக.

மூலைக்கு மூலை கல் அறுக்க வேண்டி வரும். உங்கள் முற்றத்திலேயே உலர்வாகக் கிரைண்டர் போட்டால் புத்புராத் தூசிதான் இங்கேயும். ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி ஈரமாக அறுக்கச் சொல்லுங்கள்; துணியை மூக்கில் கட்டுவது நுண்தூசியைத் தடுக்காது, என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கல் போட வரும் குழுவோடு “சும்மா கூட வந்தான்” என்று ஒரு பையன் வந்தால் ஆதாரில் வயதைப் பாருங்கள். 18 ஆகாதவனைக் கல் அறுக்க விடுவது அதே அட்டவணைப்படி குற்றம். செய்தது ஒப்பந்தக்காரர் என்றாலும் நடந்தது உங்கள் வளவில்.

கடையிலோ குவாரியிலோ சூளையிலோ பிள்ளைகள் வேலை செய்வதைக் கண்டால் 1098. இரவும் பகலும் எடுப்பார்கள். எழுத்தில் கொடுக்க மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் ‘பென்சில்’ இணையதளம் 2017 முதல் இருக்கிறது. புகார் மாவட்டப் பொறுப்பு அதிகாரிக்குப் போகும், 48 மணி நேரத்துக்குள் அவர் நேரில் சரிபார்க்க வேண்டும். “குவாரியில் குழந்தைகள் வேலை செய்கிறார்கள்” என்று மட்டும் எழுதினால் ஆள் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று போய்விடுவார். தாலுகா, ஊர், திரும்பும் வழி, வேலை நடக்கும் நேரம், எத்தனை பிள்ளைகள், தங்குமிடம் எங்கே, ஏற்றிப்போகும் லாரி எண் ஆகிய இத்தனையும் வேண்டும். குடும்பம் முன்பணத்தில் கட்டுண்டு கிடக்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அப்போது அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். விசாரிப்பது வருவாய்த் துறை, கடன் ரத்தாகும், மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. படம் எடுத்தால் புகாரோடு மட்டும் இணையுங்கள். பிள்ளையின் முகத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். ஒப்பந்தக்காரரும் அதைப் பார்த்துவிட்டு, அதிகாரி வருவதற்குள் கொட்டகையைக் காலி செய்திருப்பார்.